தாத்தாவின் ஜீப்

என் உயிரான தாத்தாவுக்கு,

மண்ணுக்குள் உங்கள் கபுரை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும் என்று துஆ கேட்டபடி தம்பி எழுதுகிறேன். ஒரு விஷயம் சொல்லப் போகிறேன், சிரிக்கக் கூடாது. உங்கள் ஜீப்பைத் திருத்த ஆரம்பித்திருக்கிறேன். ஆமாம், நானேதான். மலை ரோட்டில் ரத்தோட்டை தாண்டினால் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்த அதே ஆள். ஊசியையும் கத்தரிக்கோலையும் தவிர வேறு இரும்பைத் தொட்டே பழகாத அதே தையல்காரன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் மாத்தளை முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் கூடப்பிறந்த அக்கா, நானா என்றால் அண்ணன். பாட்டனாரை நாங்கள் அப்பா என்போம், தகப்பனாரை வாப்பா என்போம், தாயாரை உம்மா என்போம். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் என்ன பாடுபட வேண்டி வரும் என்பதை இனி வாசிக்கிறவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஊர்ப் புதினம் கேட்பீர்கள். நீங்கள் மௌத்தாகிப் போன காலத்தில், ஞாயிற்றுக்குப் பதிலாக நிலாக் கணக்கில் வரும் போயா நாளைக்குத்தான் கடைகளை மூடினோம். இப்போது ஞாயிறு மறுபடியும் லீவு நாளாகிவிட்டது. நாட்டின் பெயரையே மாற்றிவிட்டார்கள். பாண் ரொட்டி வாங்க விடிவதற்கு முன்பே வரிசையில் நிற்க வேண்டும். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வருவதில்லை, துணியும் வருவதில்லை. உங்கள் வீட்டு முன்னறையில் என் தையல் கடை அப்படியே இருக்கிறது. மெஷின் இருக்கிறது, நூல் இருக்கிறது, வாசலைப் பார்த்துக்கொண்டு நானும் இருக்கிறேன். தைக்கத்தான் ஒன்றும் இல்லை. வருகிறவர்களும் பழைய சட்டையின் காலரைப் புரட்டித் தைக்கத்தான் வருகிறார்கள்.

அப்படிச் சும்மா இருந்த நாட்களில்தான் பின் வளவுக்குப் போய்ப் போய் அந்த ஜீப்பைப் பார்க்கத் தொடங்கினேன். பலா மரத்தடியில், நீங்கள் போன நாளிலிருந்து யாரும் தொடாமல் கிடந்தது. பூசணிக் கொடி முன் சில்லில் ஏறி ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் இறங்கியிருந்தது. பின்னால் நீங்கள் ஏலக்காய் மூட்டை அடுக்கிய இடத்தில் கோழிகள் முட்டையிட்டன. தரைத் தகட்டில் காலை வைத்தேன், கால் நேராக மண்ணுக்குப் போய்விட்டது. உடம்பெல்லாம் துரு. ஆனால் முகம் மட்டும் மாறவே இல்லை தாத்தா, அந்த இரண்டு வட்டக் கண்ணும் என்னைப் பார்த்து, எங்கேடா இவ்வளவு நாளும் இருந்தாய் என்று கேட்கிற மாதிரியே இருந்தது.

உங்கள் மகள் பரீதாவுக்கு இப்போது மூன்றாவது பிள்ளை வயிற்றில். அவளும் மருமகன் பாரூக்கும் அந்த இடத்தில் ஓர் அறை கட்ட நினைத்தார்கள். பழைய இரும்பு எடுக்கிற ஆள் வந்து பார்த்து, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் வெட்டி ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"அது உங்கட உம்மா ஓட்டின ஜீப்!" என்று கத்தினேன்.

"உம்மா எங்க மாமா ஓட்டின? ஓட்டினது அந்தோனி. உம்மா பக்கத்தில இருந்து ஏசினது மட்டுந்தான்" என்றாள் பரீதா.

பிள்ளை உங்கள் வாயை அப்படியே கொண்டு வந்திருக்கிறது. பிறகு அவளே வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"எனக்கும் ஆசதான் மாமா. ஆனா செத்துப் போன வண்டிய வச்சிக்கிட்டு பிள்ளைகள எங்க படுக்க வைக்கிற? சரி, ஒண்டு செய்வோம். பெருநாளைக்கு முந்தி இது ஒரு தரம் உறுமட்டும். ஒரே ஒரு தரம். பொறகு நான் வாயத் தொறக்க மாட்டன், அறைய மத்தப் பக்கம் கட்டுவோம். உறுமல்லயா, நீங்க வாயத் தொறக்கப்படாது."

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல? அந்த ஜீப் போய்விட்டால் எனக்கும் போக வழியில்லை. தையல் படுத்துவிட்டது, மலைக்கு மேலே லக்கலப் பக்கம் இன்னும் மிளகும் ஏலமும் விளைகிறது, அதை இறக்கிக் கொண்டுவர இந்த வண்டி ஒன்றுதான் என் கையில் மிச்சம். அதற்கு மேலேயும் ஒன்று உண்டு. அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

மச்சான் அந்த ஜீப்பை உலக யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலம் போட்டபோது எடுத்தார். அதில் சரியாக ஊர் சுற்றி முடிப்பதற்குள் அவரே போய்விட்டார். உங்களுக்கு மடியில் ஒரு பிள்ளை, பக்கத்தில் உம்மா வாப்பா இல்லாத நான். விற்றுவிடு, விற்றுவிடு என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். நீங்கள் விதவையாக வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்த மறுநாள் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தீர்கள். விதவைப் பொம்பிளை முன் சீட்டிலா என்று கேட்டவரிடம், "பின்னால ஏலக்காய் வரப் போகுது, நான் பொறகு எங்க இருக்கிற?" என்றீர்களே! அந்த மனிதர் அதற்குப் பிறகு நம் தெருவிலேயே நடக்கவில்லை.

அந்த முதல் ஏலக்காய்ப் பருவத்தில்தான் எனக்குத் தையல் மெஷின் வாங்கித் தந்தீர்கள். உங்களுக்கென்று ஒரு சேலைகூட எடுக்கவில்லை. மெஷினை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "இனி மலைக்கு வந்து வாந்தி எடுக்காம இங்கயே இருந்து தை" என்று சொன்னதோடு சரி. நான் நன்றி என்று ஒரு சொல் சொன்னேனா? ஞாபகம் இல்லை. அக்கா தம்பிக்குள் யார் அதையெல்லாம் சொல்கிறார்கள்? இப்போது சொல்கிறேன் தாத்தா. நான் தின்ற சோறெல்லாம் அந்த நான்கு சில்லில் வந்தது.

சரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கதைக்கு வருகிறேன். உங்கள் டிரைவர் அந்தோனி திரும்பி வந்துவிட்டார். நீங்கள் போன பிறகு திருகோணமலைப் பக்கம் லொறி ஓட்டப் போனவர், இப்போது மாத்தளையில் விறகு லொறி ஓட்டுகிறார். தலை நரைத்துவிட்டது. கழுத்தில் மாதா பதக்கம் அப்படியே தொங்குகிறது. ஜீப்பைத் திருத்தப் போகிறேன் என்று சொன்னதும், ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"தாத்தாம்மா வண்டிங்க நானா. நான் தொடாம வேற எவன் தொடுறது?" என்றார்.

தாத்தாம்மா! உங்களுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நினைவிருக்கிறதா? அந்தோனி வேலை கேட்டு வந்த முதல் நாள், "உள்ள தாத்தா இருக்காங்க, போய்ப் பேசுங்க" என்றேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த மனிதருக்குத் தாத்தா என்றால் பாட்டன்தானே. தலையைச் சீவி, மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு, காது மந்தமான கிழவராயிருக்கும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனார். அங்கே ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த உங்களிடம், "தாத்தா இல்லீங்களா?" என்று பலமாகக் கேட்டார். "நான்தான் தாத்தா" என்றீர்கள். மனிதர் வெளியே ஓடிவந்து, "நம்மள வச்சுக் கேலி பண்றீங்களா?" என்று என் சட்டையைப் பிடித்தார். பிறகு விஷயம் விளங்கியும், வெறும் தாத்தா என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. பின்னால் ஓர் அம்மாவைச் சேர்த்துக்கொண்டார்.

நாங்கள் இரண்டு பேரும் முதலில் பூசணிக் கொடியை வெட்டினோம். கோழிகளை வெளியேற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பொனட்டைத் திறந்து பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியாக மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றினோம். அதை ஊறவிட்டு, முன்னால் கைப்பிடியைக் கொடுத்துச் சுற்றினால் அசையவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஊற்றுவதும் சுற்றிப் பார்ப்பதுமாக இருந்தோம். இடையில் நான் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினேன். தலைமுடி, புருவம், மூக்குத் துவாரம் எல்லாம் துரு. என் மனைவி என்னை வீட்டுக்குள் விடுவதற்கு முன்னால் கிணற்றடிக்கு அனுப்பினாள். ஒரு நாள் கைப்பிடி இலேசாகக் கொடுத்தது. "பிடிப்பு விட்டுருச்சு நானா, உள்ளுக்கு உசிரு இருக்கு!" என்று அந்தோனி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஆட்கள் மதிலால் எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் பொனட்டுக்குள் ஓரிடத்தில் கார்பரேட்டர் இருக்க வேண்டும். அங்கே கார்பரேட்டர் இல்லை. ஒரு கந்தைத் துணி மட்டும் துளையில் அடைத்துக் கிடந்தது. பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கிற அந்தச் சாமான் இல்லாமல் எஞ்சின் என்ன செய்தாலும் ஓடாது என்று அந்தோனி சொன்னார். இறக்குமதி நின்றுபோன இந்தக் காலத்தில் இன்னொன்றுக்கு எங்கே போவது? நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அந்தோனிதான் யோசித்து யோசித்து ஞாபகப்படுத்தினார்.

உங்கள் கடைசிப் பயணம். லக்கலையில் பல்லேகமவுக்குக் கிட்ட ஓயா ஆற்றில் வெள்ளம், ஜீப் நடுத்தண்ணியில் நின்றது. உங்களுக்கு அப்போதே காய்ச்சல். பல்லேகமவில் இரும்புப் பட்டறை வைத்திருக்கிற மேஸ்திரி பண்டா பாஸ் கார்பரேட்டரைக் கழற்றிச் சேறு எடுக்க வைத்துக்கொண்டார். நீங்கள் பஸ்ஸில் வந்து படுத்தீர்கள், எழும்பவில்லை. ஜீப்பைப் பிறகு மர லொறியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஜனாஸா வீட்டில் யாருக்குக் கார்பரேட்டர் ஞாபகம் வரும்?

"அடுத்த லீவுக்கு நானே போய் வாங்கிட்டு வர்றேன், பொறுங்க" என்றார் அந்தோனி. பொறுக்கிற ஆளா நான்? மறுநாளே பல்லேகம பஸ் கண்டக்டரைப் பிடித்தேன். சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு, தெருவில் பாதி வாடிக்கைக்காரர்கள் சிங்களவர்கள். "அபே தாத்தாகே ஜீப் எகே கார்பரேட்டரை பாஸிடம் கேட்டு வாங்கி வா" என்று ஜம்பமாகச் சொல்லி அனுப்பினேன். எங்கள் தாத்தாவின் ஜீப், அவ்வளவுதான் நான் சொன்னது.

கண்டக்டர் வெறுங்கையோடு வந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்கள் தாத்தாவுக்கு அங்கே ஜீப்பே கிடையாதாம். இந்த மாதிரித் தாத்தாமார் முந்தியும் இரண்டு மூன்று பேர் வந்தார்களாம். இனி யாராவது வந்தால் பாஸ் சம்மட்டியால்தான் பதில் சொல்வாராம்" என்றார்.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. திருட்டுப் பயல்! செத்துப் போன பொம்பிளையின் சாமானை அமுக்கிக்கொண்டு நம்மையே கள்ளன் என்கிறானே! அந்தோனியின் லொறி அந்த நேரம் பார்த்துத் தூரப் பயணம் போய்விட்டது. பெருநாளோ நெருங்கிக்கொண்டு வந்தது. பாரூக் அறைக்குக் கல் இறக்கிவிட்டார். நான் விடியற்காலைப் பஸ்ஸில் ஏறினேன்.

மார்கழி மழை. ரிவர்ஸ்டன் மலை மேலே மூடுபனியில் பஸ்ஸுக்கு முன்னால் ஆள் நடந்து வழி காட்ட வேண்டியிருந்தது. வாந்தியைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம். நீங்கள் வாரா வாரம் இந்த வழியில் எப்படித்தான் போனீர்கள்? இறங்கியதும் கணுக்காலில் அட்டை வேறு ஏறிக்கொண்டது. அந்த நிலையில் பட்டறை வாசலில் போய் நின்று, சலாமும் இல்லை ஒன்றும் இல்லை, எடுத்த எடுப்பில் கத்தத் தொடங்கினேன்.

பண்டா பாஸ் கட்டையான மனிதர். சம்மட்டியைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தார். நாங்கள் பேசியது முழுக்கச் சிங்களத்தில்; இங்கே தமிழில் எழுதுகிறேன், தாத்தா என்ற அந்தச் சொல்லையும், அம்மணி என்பதற்கு அவர்கள் சொல்லும் நோனாவையும் மட்டும் அப்படியே விடுகிறேன்.

"நீதானா அந்தத் தாத்தாவின் மகன்?"

"மகனா? நான் தம்பி!"

"யாருக்குத் தம்பி?"

"தாத்தாவுக்கு!"

"அப்படியென்றால் ஜீப் உன் அண்ணனுடையதா?"

"எனக்கு அண்ணனே கிடையாது!"

"தகப்பனுக்குத் தம்பி என்கிறாய், அண்ணன் இல்லை என்கிறாய்." அவர் சம்மட்டியை மாற்றிப் பிடித்தார். "இதோ பார் முதலாளி, இந்தப் பட்டறைக்கு வந்தது ஒரு நோனாவின் ஜீப். எந்தத் தகப்பனுடைய ஜீப்பும் இல்லை. பஸ் திரும்புவதற்குள் போய் ஏறு."

"அந்த நோனாதானே ஐயா எங்கட தாத்தா!" என்று மார்பில் அடித்துக்கொண்டு கத்தினேன். தமிழா சிங்களமா என்று எனக்கே தெரியவில்லை.

பட்டறைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பாஸின் மனைவி மெனிக்கே, துருவிக்கொண்டிருந்த தேங்காய் மூடியைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தார். உக்குவளைப் பக்கத்தில் முஸ்லிம் வீடுகளுக்கு நடுவே வளர்ந்தவராம். சிரித்துச் சிரித்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயோ மனுசனே, இவங்க அக்காவைத்தான் தாத்தா என்பாங்க! இவர் நோனாவோட தம்பி!"

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும், தெருவில் நூறு தரம் கேட்ட சொல். ஆனால் உங்களை நான் வாழ்நாளில் வேறு எந்தச் சொல்லாலும் சொன்னதில்லையே தாத்தா! எந்தப் பாஷை பேசினாலும் உங்களுக்கு அந்த ஒரு பெயர்தானே என் வாயில் வரும்? சிங்களத்தில் அக்கா என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே சாமான் வந்திருக்கும்.

பண்டா பாஸ் சம்மட்டியைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவரும் சிரிக்கத் தொடங்கினார், ஆனால் வேறு காரணத்துக்கு.

"எனக்குத்தான் மூளை இல்லை. நோனா பஸ் ஏறும்போது சொல்லிவிட்டுத்தான் போனார். இதை வேறு யார் கேட்டாலும் கொடுக்காதே பாஸ், என் தம்பி வருவான். நல்லதனமாகக் கேட்டு வருகிறவன் என் தம்பி இல்லை. வந்ததும் வராததுமாக உன்னோடு சண்டை பிடிக்கிறவன் எவனோ, அவன் கையில் கொடு என்றார்."

நான் அந்த மண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தாத்தா, வீட்டுக்கு வந்து படுத்த உங்கள் பக்கத்தில் நான்தானே இருந்தேன். என்னிடம் ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டீர்கள். அந்த வண்டியைக் கண்டால் காத தூரம் ஓடுகிற நான் அதைத் தேடி மலையேறுவேன் என்று எதை வைத்து நம்பினீர்கள்? எனக்கே தெரியாத என்னை நீங்கள் எப்படித் தெரிந்து வைத்திருந்தீர்கள்?

பாஸ் மேல்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை இறக்கினார். உங்கள் ஏலக்காய்ச் சாக்கின் துண்டு. அதற்குள் கார்பரேட்டர், ஒரு பொட்டுத் துரு இல்லாமல். சித்திரை வருடப் பிறப்புக்குச் சுப நேரம் பார்த்து முதல் வேலை பிடிப்பது அவர்கள் வழக்கம் அல்லவா? ஒவ்வொரு வருடமும் அந்த நேரத்துக்கு அவர் பிடித்த முதல் வேலை, உங்கள் கார்பரேட்டரை எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டு மறுபடி சுற்றி வைப்பதுதானாம். விலைக்குக் கேட்டு வந்தவர்களை எல்லாம் விரட்டியிருக்கிறார்.

"நோனாவின் கைராசி, வருசம் முழுக்க வேலை வரும்" என்று சாதாரணமாகச் சொன்னார்.

காரணத்தை மெனிக்கேதான் சொன்னார். அவருக்குப் பிரசவ வலி வந்த நாளில் பஸ்ஸும் இல்லை, வேறு வண்டியும் இல்லை. நீங்கள் முன் சீட்டிலிருந்து இறங்கி அவரை அதில் உட்காரவைத்துவிட்டு, மாத்தளை ஆஸ்பத்திரி வரைக்கும் பின்னால் மூட்டைகளின் மேல் குந்திக்கொண்டு வந்தீர்களாம். வழி நெடுக அந்தோனியை ஏசிக்கொண்டு, மெனிக்கேயின் தோளைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஊரோடு சண்டை போட்டு ஏறிய சீட்டை நீங்கள் இவ்வளவு இலேசாக விட்டுக்கொடுத்த கதை எனக்கு இத்தனை காலமும் தெரியாது. நீங்கள் சொல்லவே இல்லையே. எனக்கு வயிறு நிறையப் பாற்சோறு தந்து, மிளகாய் இடித்த கட்டசம்பலும் வைத்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். திரும்பி வரும்போது நான் வாந்தி எடுக்கவில்லை. நம்பினால் நம்புங்கள்.

பெருநாளுக்கு முந்திய ஞாயிறு அந்தோனி கார்பரேட்டரைப் பூட்டினார். அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கிற அட்டைப் பட்டை மக்கிப் போயிருந்தது. அங்கேதான் உங்கள் தம்பியின் வேலை வந்தது. கடையில் கிடந்த தடித்த அட்டையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து, தையல் கத்தரிக்கோலால் அச்சாக வெட்டிக் கொடுத்தேன். "சட்டைக்கு அளவெடுத்த மாதிரி உக்காந்துருச்சு நானா" என்றார் அந்தோனி. பெற்றோல் தாங்கி ஓட்டையாகிவிட்டதால் ஒரு தகர டப்பாவைப் பலா மரக் கொம்பில் கட்டி, அதிலிருந்து குழாய் விட்டோம். பட்டரி விறகு லொறியிலிருந்து வந்தது.

பரீதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பாரூக் அவள் பின்னால் நின்றார். நான் பிஸ்மில்லாஹ் சொன்னேன், அந்தோனி சிலுவை போட்டார். கைப்பிடியைச் சுற்றினார். ஒன்றும் இல்லை. மறுபடி சுற்றினார். தும்முகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். சுற்றிச் சுற்றி அவருக்கு மூச்சு வாங்கியது. பரீதா என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அந்தோனி பொனட்டைத் தட்டி, "தாத்தாம்மா, நம்மள மானங்கெடுத்திராதீங்க" என்று கெஞ்சினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. கைப்பிடியை அவரிடமிருந்து பறித்தேன்.

"ஏய்! எவ்வளவு பாடுபட்டு வந்தீக்கிறன், உங்களுக்குக் கொஞ்சமாவது இரக்கம் ஈக்கிதா?" என்று உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றினேன்.

பிடித்துக்கொண்டது தாத்தா! கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு, தகரமெல்லாம் நடுங்க, கோழிகள் கூரை மேல் பறக்க, உறுமியது. அந்தோனி அழுதார். நான் துள்ளினேன், இந்த வயதில். டப்பாவில் இருந்த பெற்றோல் தீரும் வரைக்கும் ஓடிவிட்டு, இருமி இருமி நின்றது. பரீதா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"உம்மா ஏசுற மாதிரியே ஈக்கிது" என்றாள். பிறகு பாரூக்கின் பக்கம் திரும்பினாள். "அந்த இரும்புக்காரன இந்தப் பக்கம் வர வேணாண்டு செல்லுங்க. கல்ல மத்தப் பக்கம் எடுத்துப் போடுங்க."

இன்னும் எவ்வளவோ இருக்கிறது. பிரேக் இல்லை, தரை இல்லை, டயர் நான்கும் இற்றுப் போய்விட்டன. தரைத் தகட்டைப் பண்டா பாஸ் அடித்துத் தருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். சீட்டை நான் கித்தான் துணியில் தைத்துக்கொண்டிருக்கிறேன். பெருநாளுக்குப் பிறகு என் மெஷின் ஓடுகிற ஒரே வேலை அதுதான். முன் சீட்டுக்கு இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். நீங்கள் வாங்கித் தந்த மெஷின், நீங்கள் உட்கார்ந்த சீட்டு.

இனி என் வாக்குறுதி. ரோட்டில் இறங்குகிற முதல் நாள் நீங்கள் உறங்கும் மையவாடி வாசலில் நிறுத்தி உங்களுக்கு சலாம் சொல்லிவிட்டுத்தான் மலைக்குத் திருப்புவேன். வலி வந்த பெண், காய்ச்சல்காரப் பிள்ளை, யார் வழியில் நின்றாலும் முன் சீட்டு அவர்களுக்கு. நான் மூட்டை மேல் ஏறிக்கொள்வேன். அது ஓடுகிற காலமெல்லாம் அந்த நன்மை உங்கள் கபுருக்கு வந்து சேரட்டும். முன் கண்ணாடிக்கு மேலே பெயர் எழுதச் சொல்லியிருக்கிறேன், தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம்: தாத்தா. தோட்டத்து ஆட்கள் பாட்டன் என்று வாசிக்கட்டும், பல்லேகமக்காரர்கள் தகப்பன் என்று வாசிக்கட்டும், யாரையும் நான் திருத்தப் போவதில்லை. எனக்கு நீங்கள் அக்காவும் சேர்த்து அந்த மூன்றுமாகத்தான் இருந்தீர்கள்.

சண்டை பிடிக்க நீங்கள் இல்லாமல் ஜீப்போடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்,
உங்கள் ஒரே தம்பி.